நாகம்மா வரிசையில் சாகாத பதினொன்று

மிளகுப் பண்ணையில் இந்த வருடம் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

உங்கள் பயிற்சி வகுப்புக்கு வந்து என் சாதனைகளைப் பற்றி ஒரு மணி நேரம் பேசச் சொன்னார்கள். சாதனைகளுக்கு ஒரு மணி நேரம் ரொம்ப அதிகம், டீ வருவதற்குள் முடிந்துவிடும். சொதப்பல்களைச் சொல்வதென்றால் ஒரு வாரம் வேண்டும். அதனால் ஒரே ஒரு சொதப்பலை எடுத்து எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். எழுதினால் நீங்கள் கொட்டாவி விடுவதை நான் பார்க்க வேண்டியதில்லை.

மலையில் மிளகு வைத்திருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். யானையைக்கூட மன்னித்துவிடுவார்கள், வாடல் நோயை மன்னிக்க மாட்டார்கள். ஆனி, ஆடி மழையில் கொடி தளதளவென்று நிற்கும். அடியில் கழுத்துப் பக்கம் லேசாகக் கறுக்கும். அவ்வளவுதான், இரண்டு மூன்று வாரத்தில் இலையெல்லாம் கொட்டி, மரத்தில் யாரோ கட்டிவிட்டு மறந்துபோன கயிறு மாதிரி தொங்கும். நோய் மண்ணிலும் ஓடுகிற தண்ணீரிலும் இருக்கிறது. வேர் வழியாகத்தான் பெரும்பாலும் நுழைகிறது. ஆகவே நோய்க்கு அசராத காட்டு மிளகு ஒன்றைப் பிடித்து வேர்ச்செடியாகக் கீழே வைத்து, நன்றாகக் காய்க்கிற கொடியை அதன்மேல் ஒட்டுக்கட்டினால் தப்பிக்கலாம் என்பது யோசனை. அப்படியொரு வேர்ச்செடியைக் கண்டுபிடிக்கத்தான் எனக்கு இருபத்தெட்டு வருடம் சம்பளம் கொடுத்தார்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் வெளிநாட்டுத் திப்பிலி ஒன்றுக்கு ஏகப்பட்ட மவுசு. சதுப்பு நிலத்தில் பிறந்து வளர்ந்த ஜாதி. வாடல் நோயை அது சட்டையே செய்யாது. ஆனால் சித்திரை வெயிலில் பத்து நாள் தண்ணீர் காட்டாவிட்டால் மேலே இருக்கிற கொடியையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்ச் சேர்ந்துவிடும். ராசிங்காபுரத்துக்காரர் சுருளிச்சாமி குரங்கணிக்கு மேலே தன் சரிவில் அதை வைத்துக் கெட்டார். பண்ணைக்கு வந்து, "நோயில சாகாது, தாகத்துல சாகும்னா எனக்கு அதுல என்ன லாபம் மேடம்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லாததால் ஒரு துண்டுப் பிரசுரம் கொடுத்தேன். அவர் அதை வாசலிலிருந்த கடையில் வடை மடிக்கப் பயன்படுத்தியதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அந்தப் பிரசுரத்துக்குக் கிடைத்த ஒரே பயன் அதுதான்.

அன்றைக்கு வந்த ரோஷத்தில், இந்த மலையிலேயே பிறந்து மழையையும் வெயிலையும் பழகிய காட்டு மிளகைத் தேடுவது என்று முடிவெடுத்தேன். குரங்கணிக்கு மேலே சோலைக்குள் அட்டைக்கடி வாங்கிக்கொண்டு மூன்று பருவம் அலைந்தோம். இருபதுக்கும் மேற்பட்ட தாய்க்கொடிகளிலிருந்து விதை எடுத்து, நாற்றைப் பையில் வளர்த்து, நோய்க் கிருமி கலந்த தண்ணீரை ஒவ்வொரு பைக்கும் ஊற்றினோம். இதில் பெரிய வித்தை எதுவும் இல்லை. சாகிறது சாகட்டும், சாகாதது நமக்கு.

இங்கேதான் நான் செய்த காரியத்தைக் கவனியுங்கள். இடத்தின் நன்மை தீமை ஒரே தாய்க்குப் போகாதபடி பைகளைக் கலைத்து வைக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். அன்றைக்கு நல்ல மழை. அடையாளச் சீட்டெல்லாம் நனைந்து ஒட்டிக்கொண்டது. ஒரு தாயின் பிள்ளைகள் ஒரு வரிசை, அடுத்த தாயின் பிள்ளைகள் அடுத்த வரிசை என்று வைத்துவிட்டு வீட்டுக்குப் போய் வெந்நீரில் குளித்தேன்.

நாற்றங்காலில் தண்ணீர் ஊற்றும் பெண்களுக்கு ஆளுக்கு இரண்டு வரிசை. யார் வரிசையில் செடி செத்தாலும் மேஸ்திரி காலையில் எல்லோர் முன்னாலும் பெயர் சொல்லித் திட்டுவார். அது அந்தப் பண்ணையில் எங்களுக்கெல்லாம் முந்திய வழக்கம். சோதனைச் செடிக்கு அந்த வழக்கம் பொருந்தாது என்று மேஸ்திரியிடம் யாரும் சொல்லவில்லை. தண்ணீர் ஊற்றும் பெண்களிடம் சொல்ல வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவும் இல்லை. நோய்த்தண்ணீர்க் கேனில் நாங்கள் ஆங்கில எழுத்தும் எண்ணும் எழுதி வைத்திருந்தோம். அவர்கள் அதை ஏதோ சத்து மருந்து என்று நினைத்துக்கொண்டார்கள்.

இரண்டு மழைக்காலம் போனது. எல்லா வரிசையும் காலி. மருந்தடிக்கிற டிரம் வைத்திருந்த மூலைக்குப் பக்கத்து வரிசையில் மட்டும் பதினொரு செடி பச்சைப் பசேலென்று நின்றது. பதினொன்றும் ஒரே தாயின் பிள்ளைகள். எனக்குத் தலைகால் புரியவில்லை. தாயிடமிருந்து பிள்ளைக்கு நோய் தாங்கும் குணம் இறங்கியிருக்கிறது என்று ஒரு கோட்பாட்டையே கட்டி எழுப்பினேன். அதே வரிசையின் மறுகோடியில் அதே தாயின் மற்ற பிள்ளைகள் கும்பலாகச் செத்துக் கிடந்ததை நான் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். பார்த்தேன். அங்கே தண்ணீர் தேங்குகிறது என்று குறிப்பேட்டில் எழுதினேன். ஆசை வந்துவிட்டால் காரணம் தானாக வரும்.

பதினொன்றையும் இன்னொரு மழைக்காலம் சோதித்திருக்க வேண்டும். அதற்குப் பொறுமை இல்லாமல், தண்டு வெட்டிப் பெருக்கி, ஒட்டுக்கட்டி, நானூறு செடி தயார் செய்தேன். நானூறும் சுருளிச்சாமிக்கு. அவர் மாதம் தவறாமல் வந்து அந்தப் பதினொரு செடியின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். புதுச் செடியை மரத்தடியில் வைக்க வேண்டுமென்றால் அங்கே ஏற்கெனவே இருக்கிற கொடியை எடுத்தாக வேண்டும். அவருடைய பழைய கொடிகளில் பாதி நோயில் போயிருந்தது. மீதிப் பாதி இன்னும் காய்த்துக்கொண்டிருந்தது. அந்தக் குடும்பம் அந்த மீதியில்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

"இது உங்க தோட்டம்னா வைப்பீகளா மேடம்?" என்று ஒருநாள் கேட்டார்.

"கண்ண மூடிக்கிட்டு வைப்பேன்ணே" என்றேன். கண் அப்போது மூடித்தான் இருந்தது.

செடி வழங்குவதற்கு ஒரு விழா ஏற்பாடானது. வாசலில் பந்தல், பேனர், பேனரில் என் படம். வார்டு தேர்தலில் நிற்கிறவள் மாதிரி அதில் சிரித்துக்கொண்டிருந்தேன். விழாவுக்கு இரண்டு நாள் முந்திய காலையில் செடிகளைக் கூடையில் அடுக்கிக்கொண்டிருந்தோம். பதினொன்றும் நின்ற வரிசைக்குத் தண்ணீர் ஊற்றியவர் நாகம்மா. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். சும்மா ஒரு மரியாதைக்காக அவரைக் கூப்பிட்டு, "அக்கா, முதல் செடிய நீ எடுத்துக் குடு. எல்லாம் உன் கைராசி" என்றேன்.

நாகம்மா வெட்கப்படவெல்லாம் இல்லை. "கைராசி என்ன மேடம் கைராசி. மத்த வரிசையெல்லாம் பொத்து பொத்துன்னு விழுகையில நாந்தான இதுகளுக்கு மருந்து ஊத்தி நிப்பாட்டுனேன்" என்றார்.

"என்ன மருந்து?"

"அந்த நீல மருந்துதான், துரிசும் சுண்ணாம்பும் கலக்குறது. சனிக்கெழம கொடிகளுக்கு அடிச்சு முடிச்சிட்டு டிரம்மக் கழுவுவாகள்ல. மிச்சத்த வாய்க்கால்ல ஊத்துன்னுவாரு மேஸ்திரி. வாய்க்காலுக்கா வாடல் வருது? அள்ளிக்கிட்டு வந்து என் வரிசைக்கு ஊத்திருவேன். டிரம்முக்கிட்ட இருக்க பதினஞ்சு பைக்குத்தான் காணும். அதுலயும் நாலு செத்துப்போச்சு, பாவம்."

"எத்தன வாரம்க்கா ஊத்துன?"

"மழ நிக்கிற மட்டும். ரெண்டு வருசமும்."

கையிலிருந்த செடியைக் கூடையில் வைக்காமல் தரையில் வைத்தேன். அந்த மருந்தைத்தான் நோய்க்கு எதிராக எல்லாத் தோட்டத்திலும் ஊற்றச் சொல்லி நாம் உபதேசம் செய்கிறோம். தள்ளாடுகிற நாற்றைக்கூட அது நிமிர்த்தி வைக்கும்.

"ஏன்க்கா இப்படிப் பண்ணுன? இதெல்லாம் சாகுதா நிக்குதான்னு பாக்கத்தான வச்சிருந்தோம்!" என்று கத்தினேன்.

நாகம்மா குடத்தைக் கீழே வைத்தார். "சாகட்டும்னு வச்சிருக்கீகன்னு எனக்கு என்ன ஜோசியமா தெரியும்? செடி செத்தா பேரச் சொல்லித் திட்டுறாக. செத்தாத்தான் நல்லதுன்னு என்னைக்காச்சும் ஒரு வார்த்த சொன்னீகளா மேடம்? சொல்லியிருந்தா நான் ஏன் அந்த டிரம்மத் தூக்கிச் சாகப்போறேன், இடுப்பு வலிக்க?"

படித்தவர்கள் நாங்கள் ஆறு பேர் அந்த நாற்றங்காலில் வளைய வந்தோம். ஒருத்தருக்கும் அவரிடம் பேசத் தோன்றவில்லை.

எங்கள் தலைவரிடம் ஓடினேன். அவர் நல்ல மனிதர், பதற்றம் மட்டும் ஆகாது. டீ வரவழைத்தார். முதலில் நாகம்மாவுக்கு ஒரு மெமோ கொடுக்கலாம் என்றார். கொடுப்பதென்றால் எனக்குக் கொடுங்கள் என்றேன். அதை அவர் காதில் வாங்காதது போல ஜன்னலைப் பார்த்தார். பிறகு சொன்னார், "மருந்து ஊத்தினதால மட்டும்தான் நின்னுச்சுன்னு எப்படிச் சொல்ல முடியும்? ஒருவேளை செடியே நல்ல செடியா இருக்கலாம் இல்லையா? பேனர் அடிச்சாச்சு, பந்தல் போட்டாச்சு. குடுத்துடுவோம். தோட்டத்துல எப்படி வருதுன்னு பார்ப்போம்."

உங்களிடம் மறைக்க எனக்கு இப்போது எதுவும் இல்லை. ஓய்வூதியம் வந்துகொண்டிருக்கிறது. அரைமணி நேரம் நான் அவர் சொன்னதற்குத் தலையாட்டிக்கொண்டு டீ குடித்தேன். அந்த "ஒருவேளை" அவ்வளவு சுகமாக இருந்தது. அது பொய்யும் கிடையாது. பதினொன்றில் ஒன்றாவது நிஜமாகவே நல்ல செடியாக இருக்க வாய்ப்பு இருந்தது. இந்த வேலையில் உங்களைக் கெடுக்கப் போவது பொய் அல்ல, இந்த மாதிரி ஒரு பாதி உண்மைதான். அதை ஒரு நல்ல மனிதர் பிஸ்கட்டோடு சேர்த்துத் தட்டில் வைத்து நீட்டுவார்.

என்னை எழுப்பிவிட்டது மனசாட்சி என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மை என்னவென்றால் எங்கள் போடி சின்ன ஊர். ஒரே பஸ் ஸ்டாண்டு. சுருளிச்சாமியின் கொடிகள் ஆடியில் வாடினால், ஆவணியில் ஏதாவது கல்யாணப் பந்தியில் அவருக்கு எதிரே என் இலை விழும். அந்த முகத்தை நினைத்தேன். கிளாஸை வைத்துவிட்டு எழுந்தேன். மூன்று தடவை போன் போட்டேன், சரிவில் சிக்னல் இல்லை. ஜீப்பை எடுத்துக்கொண்டு குரங்கணிக்குக் கிளம்பினேன். விழா முடிந்த பிறகுதான் பழைய கொடிகளில் கை வைப்பேன் என்று அவர் சொல்லியிருந்தார். அந்தத் தைரியத்தில்தான் வழியெல்லாம் எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன்.

ஜீப் ரோடு முடிந்து மேலே நடந்து ஏறினால், அவரும் இரண்டு ஆட்களும் மரத்திலிருந்து கொடியை உரித்துக்கொண்டிருந்தார்கள். உரித்த கொடிகள் சரிவெல்லாம் கிடந்தன. மழை கண்டு புதிதாக விட்ட பூச்சரம் ஒவ்வொன்றிலும் தொங்கியது.

"வாங்க மேடம்! செடி வந்ததும் வெரசா வச்சிரலாம்னு இன்னைக்கே ஆரம்பிச்சிட்டோம்" என்று சிரித்தார்.

ஒத்திகை எதுவும் ஞாபகம் வரவில்லை. மருந்து, டிரம், பதினொரு பை, நான் கலைத்து வைக்காதது என்று எல்லாவற்றையும் தாறுமாறாகக் கொட்டினேன். அவர் அரிவாளைத் தரையில் வைத்தார். ஆட்களைப் பார்த்து, "நிறுத்துங்கப்பா" என்றார். எத்தனை மரம் ஆயிற்று என்று கேட்டேன். நாற்பது என்றார்.

நான் டீ குடித்துத் தலையாட்டிய அரைமணி நேரத்தில் எத்தனை மரம் உரித்திருப்பார் என்று மனசுக்குள் போட்டுப் பார்த்தேன். நான்கு இருக்கும், ஐந்து இருக்கும். அதை அவரிடம் நான் சொல்லவில்லை. இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம்தான் சொல்கிறேன், எனக்கு அது இன்னும் வலிக்கிறது.

அவர் உரித்த கொடி ஒன்றைத் தூக்கி நிழலில் போட்டார். பிறகு, "ஒருவேள நல்ல செடியா இருந்தா?" என்று கேட்டார்.

"இருக்கலாம்ணே."

"அப்பக் குடுங்க. உரிச்ச மரம் நாப்பது சும்மாத்தான நிக்குது. வச்சுப் பாக்குறேன்."

இது நான் எதிர்பார்க்காதது. ஏமாற்றப்பட வேண்டியவரே வந்து கையை நீட்டுகிறார். கொடுத்துவிட்டால் விழா நடக்கும், பேனர் வீணாகாது, பொறுப்பும் பாதி அவர் தலையில் போய்விடும்.

"தர மாட்டேன்ணே" என்றேன்.

"எந்தோட்டம், எம்பாடு. உங்களுக்கு என்ன?" குரல் ஏறியது. ஆட்கள் இருவரும் வேறு பக்கம் பார்த்தார்கள்.

"எந்தோட்டமா இருந்தா நான் வைக்க மாட்டேன். அதான்."

"போன மாசம் கண்ண மூடிக்கிட்டு வைப்பேன்னீக!"

"சொன்னேன். தப்பாச் சொல்லிட்டேன்."

அவர் காறித் துப்பிவிட்டுச் சரிவில் இறங்கிப் போய்விட்டார். யாரும் எனக்கு விடை கொடுக்கவில்லை. நானே இறங்கி வந்து ஜீப்பில் ஏறி, பண்ணைக்குப் போய்ப் பேனரை அவிழ்க்கச் சொன்னேன். அதை நாய்க் கூண்டுக்குக் கூரையாகப் போட்டார்கள். நாய் ஓய்வு பெறும் வரைக்கும் நான் அதன் தலைக்குமேல் சிரித்துக்கொண்டிருந்தேன்.

அந்த மழையிலேயே மறுபடி சோதித்தோம். பதினொன்றிலிருந்தும் தண்டு வெட்டி, ஒவ்வொன்றிலும் பத்துப் பை, இந்தத் தடவை எல்லாவற்றையும் கலைத்து வைத்தோம். டிரம்மை மறுகோடிக்குக் கொண்டுபோனோம். நாகம்மாவை உட்காரவைத்து, இது நோய், இதை ஊற்றினால் செடி சாகும், சாகாத ஒன்றைத்தான் தேடுகிறோம் என்று முதல்முறையாகச் சொன்னேன். அவர் முழுதும் கேட்டுவிட்டு, "இத மொதல்லயே சொல்றதுக்கு என்ன கேடு?" என்றார். பிறகு தன் கையாலேயே ஊற்றினார். ஒவ்வொரு பைக்கும் ஊற்றும்போது, "கோவிச்சுக்காத ஆத்தா" என்று முணுமுணுத்தது எனக்குக் கேட்டது.

இரண்டாவது வாரம் சுருளிச்சாமி வந்து நின்றார். என்னிடம் பேசவில்லை. கையைக் கட்டிக்கொண்டு பைகளைப் பார்த்துவிட்டுப் போனார். அடுத்த வாரமும் வந்தார், அதற்கடுத்த வாரமும் வந்தார். வாரத்துக்கு வாரம் பைகள் காலியாகின. ஆவணி கடைசியில் ஒன்றே ஒன்று மிச்சம் இருந்தது. நாங்கள் மூன்று பேரும் அதைச் சுற்றி நின்ற அன்றைக்கு அதன் இலையும் தொங்கிவிட்டது.

"இதுவும் போச்சு மேடம். இப்ப இது நல்லதா, கெட்டதா?" என்று கேட்டார் நாகம்மா.

"நல்லதுதான்க்கா" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய் அழுதேன். ஐந்து வருட வேலை. அழாமல் என்ன செய்வது?

வெளியே வந்தபோது சுருளிச்சாமி இன்னும் அங்கேயே நின்றார். "இதுக எஞ்சரிவுல போயி செத்திருக்கும். மிச்சமிருந்த கொடியையும் நான் உரிச்சிருப்பேன்" என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, பைகளைப் பார்த்துச் சொன்னார். பிறகு, "நாப்பது மரம் மொட்டையா நிக்குது. அடி மண்ணு பூராம் வாடல். டிரம்மும் கெடையாது, கொழாயும் கெடையாது, சித்திரையில ஒரு சொட்டுத் தண்ணி காணாது. அடுத்த தடவ தேடிக் கொண்டாரத அங்க கொண்டாந்து வைங்க" என்றார்.

"செத்தா?"

"செத்தா எங்கண்ணு முன்னால சாகட்டும். நானே வந்து சொல்றேன்."

அப்படித்தான் அந்த நாற்பது மரம் நமக்கு வந்தது. பண்ணையில் எவ்வளவு கிருமி ஊற்றினாலும் அந்தச் சரிவின் ஒரு மழைக்கும் ஒரு கோடைக்கும் ஈடாகாது. வருடாவருடம் புதுக் காட்டு மிளகு வேர்ச்செடிகளை ஒட்டுக்கட்டிக் கொண்டுபோய் வைத்தோம். வருடாவருடம் அவர் பஸ் ஏறி வந்து, எத்தனை போயிற்று என்று சலிக்காமல் சொன்னார். என் மேல் இருந்த கோபம் தீர்ந்துவிட்டது என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. நானும் கேட்கவில்லை. அந்த நாற்பது கொடிகள் காய்த்திருந்தால் வந்திருக்க வேண்டியது அவர் வீட்டுக்கு வரவில்லையே.

நான் ஓய்வு பெற்ற வருடம் வைத்ததில் இரண்டு கொடி நின்றுவிட்டது. முதல் மழை, முதல் சித்திரை, இரண்டாவது மழை, இரண்டாவது சித்திரை, மூன்றாவது மழை என்று தாண்டி வந்திருக்கிறது. போன மாதம் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறிப் போய்ப் பார்த்தேன். ஆசை அடங்கவில்லை. "என்னண்ணே, இது தாங்கிருச்சுன்னு சொல்லலாமா?" என்று கேட்டேன்.

அவர் கொடியை மேலிருந்து கீழே பார்த்தார். குனிந்து கழுத்துப் பக்கத்து மண்ணை விரலால் விலக்கிப் பார்த்தார். "அதுக்குள்ள என்ன மேடம் அவசரம்" என்று மட்டும் சொன்னார்.

திரும்பி இறங்கும்போதுதான் கவனித்தேன். நாற்பது மரத்துக்கும் அப்பால், அவருடைய காய்க்கிற கொடிகள் இருக்கும் பக்கத்தில், முதல் மரம் மொட்டையாக நின்றது. உரித்த கொடி பச்சை வாடாமல் பக்கத்தில் கிடந்தது. அடியில் புதுக் குழி எடுத்து, சருகு போட்டு வைத்திருந்தார். நான் அதைப் பார்த்ததை அவரும் பார்த்தார்.

அந்தக் குழிக்குச் செடி கொண்டுபோகப் போவது நீங்கள்தான்.